கும்பினிக் குமாஸ்தா

சென்ற வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள். இரவு பதினொரு மணி இருக்கும். வாசல் கதவைப் பூட்டுவதற்காக வெளியே வந்தேன். எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுப் பையன், தோளில் பையை மாட்டியபடியே, என் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தான். சின்ன வயதிலிருந்தே என்னிடம் புத்தகம் வாங்கிப் போய்ப் படிக்கிறவன். இப்போது ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள் பயிற்சியில் இருக்கிறான், இரண்டாவது வருஷம்.

"ஏண்டா, வீட்டுக்குப் போகாமல் இங்கே என்ன செய்கிறாய்?" என்று கேட்டேன்.

"அம்மா விழித்துக்கொண்டிருப்பாள், மாமா. முகத்தைப் பார்த்தால் என்னவென்று கேட்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் போகிறேன்" என்றான்.

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். காப்பி வந்தது. காப்பியைக் குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் வரித் தணிக்கை அறிக்கைகளை எல்லாம் அனுப்பியாக வேண்டும். மேஜையில் கட்டுக் கட்டாகக் கணக்கு. அவனுக்கு மேலே ஒரு மானேஜர். சந்தேகம் கேட்டால், "இதுகூடத் தெரியாதவன் எதற்கு வந்தாய்?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்பார். கேட்காமல் செய்தால், "ஏன் கேட்கவில்லை?" என்பார். இரண்டுக்கும் குரல் ஒன்றுதான். மூன்று நாளைக்கு முன் ஒரு மில்லின் சரக்கு இருப்பில், போன வருஷத்துத் தொகையை இந்த வருஷத்துக் கலத்தில் எழுதிவிட்டான். அது மறுநாள்தான் அவனுக்கே தெரிந்தது. அதற்குள் கட்டு மானேஜர் மேஜைக்குப் போய்விட்டது. சொல்லப் பயம். சொல்லாமல் இருக்கவும் பயம்.

"தூங்கினால் கனவு வருகிறது, மாமா. கனவில் ஐந்தொகை ஒத்து வரமாட்டேன் என்கிறது. வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்தால், என்னுடைய பரீட்சை நம்பர்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்துவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இந்தக் கனவை இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு மனிதர் கண்டிருக்கிறார். அவரும் உன் ஜாதிதான், கணக்கு ஜாதி" என்றேன். அன்று இரவு அவனிடம் சொன்ன கதையைத்தான், அப்போது ஞாபகம் வராமல் விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

சார்லஸ் லாம் என்ற பெயரைக் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் குழந்தைகளுக்குக் கதையாகச் சொன்ன புத்தகத்தை 1807-ல் தம் தமக்கையோடு சேர்ந்து வெளியிட்டவர். அழகான கட்டுரைகள் எழுதியவர். பாடப் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்தால், நாள் முழுவதும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தவர் என்று தோன்றும். அவர் உட்கார்ந்திருந்தது ஓர் உயரமான மேஜையின் முன்னால். லண்டனில் லெடன்ஹால் தெருவில், கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமைக் காரியாலயத்தில், கணக்குப் பிரிவில். 1792 ஏப்ரலில் உள்ளே போனார். அப்போது வயது 17. வெளியே வந்தது 1825 மார்ச்சில்.

நமக்கு வேண்டாத கும்பினி இல்லை. 1639-ல் சென்னைப் பட்டணத்துக்கு மணல்மேட்டில் இடம் வாங்கிய அதே கும்பினிதான். கீழ்த்திசையிலிருந்து கப்பலில் போன தேயிலையும் அவுரியும் மருந்துச் சரக்கும் துணிச் சிப்பங்களும் லண்டன் கிட்டங்கிகளில் இறங்கி ஏலத்துக்கு வரும். என்ன விலைக்குப் போயிற்று, யார் எடுத்தார்கள், எவ்வளவு வசூல், எவ்வளவு பாக்கி என்று பேரேட்டில் ஏற்றுவது லாமையும் அவருடைய சகாக்களையும் சேர்ந்த வேலை. நம் கடற்கரை நெசவாளி ஒருவன் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்ததை, அந்தக் கோடியில் ஒருவர் சம்பளத்துக்குக் கட்டுப்பட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

அந்த வேலையில் சேருவதும் லேசல்ல. சிபாரிசு வேண்டும். ஜாமீன் வேண்டும். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு சிறு தொகை வெகுமதியாகக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பயிற்சி என்ற பெயரில் இளைஞர்களின் சில வருஷங்களை எடுத்துக்கொள்ளும் வழக்கம் கணக்குத் தொழிலுக்குப் பரம்பரைச் சொத்து. 1854-ல் எடின்பரோவில் கணக்காளர்கள் ராஜ சாசனம் பெற்றுச் சங்கம் கண்டார்கள். 1880-ல் இங்கிலாந்தில் ஒன்று ஏற்பட்டது. அங்கே வெகு காலம், பயிற்சிக்கு வரும் பையன்தான் ஆடிட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். நம் நாட்டில் 1949-ல் சட்டம் வந்து இன்றைய கழகம் ஏற்பட்டபோது, ஆர்ட்டிகிள் என்ற சொல்லும் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன சாமான்களோடு நமக்கு வந்து சேர்ந்தது.

லாமுக்கு வேலை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாமே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். அவரால் ஏன் விட முடியவில்லை என்பதுதான் கதை.

1796 செப்டம்பர் 22-ஆம் தேதி அவருடைய தமக்கை மேரி, சித்தப் பிரமை கொண்ட ஒரு நிமிஷத்தில், சாப்பாட்டு மேஜைக் கத்தியால் தாயைக் கொன்றுவிட்டாள். ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் தையல் வேலை செய்து, படுக்கையில் கிடந்த தாயைக் கவனித்து, நரம்பு தளர்ந்துபோன பெண் அவள். அந்த வருஷத் தொடக்கத்தில் லாமே ஆறு வாரம் மனநோய் விடுதியில் இருந்துவிட்டு வந்திருந்தார். இப்போது வீட்டில் தாய் இல்லை. தகப்பனார் தள்ளாதவர். அண்ணன் ஜான் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர். மேரி ஆயுள் முழுவதும் விடுதியிலேயே இருக்கட்டும் என்றார். 21 வயதுத் தம்பி, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பொறுப்பு ஏற்றார். தகப்பனார் 1799-ல் இறந்த பிறகு தமக்கையை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோய் திரும்பும்போதெல்லாம் மேரிக்கே முன்னால் தெரிந்துவிடும். அக்காளும் தம்பியும் கைகோத்து, அழுதுகொண்டே விடுதிக்கு நடந்து போவார்கள். சில வாரம் கழித்துத் திரும்பி வருவார்கள். இதற்கெல்லாம் பணம் வேண்டும். பணம் லெடன்ஹால் தெருவில்தான் இருந்தது.

மேலதிகாரிகளுக்கு இந்த விவரங்கள் தெரியாமலிருக்க முடியாது. ஆனால் பேரேட்டில் இதற்குக் கலம் இல்லை. காலையில் அவர் தாமதமாக வருவதற்கு மட்டும் கலம் இருந்தது. ஒரு நாள் மேலதிகாரி இதைக் குறித்துக் கடிந்துகொண்டபோது, லாம் தம்முடைய திக்குவாயோடு, வருவதுதான் தாமதமே தவிர, போகும்போது எவ்வளவு சீக்கிரம் போய்விடுகிறேன் பாருங்கள் என்ற கருத்தில் பதில் சொன்னார் என்று ஒரு கதை வழங்குகிறது. இந்த ஹாஸ்யத்தைப் படித்துவிட்டு எல்லோரும் சிரிக்கிறோம். முந்தின இரவு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அவ்வளவு சிரிக்கத் தோன்றாது.

பையன் இடைமறித்தான். "வேலை எத்தனை மணி நேரம், மாமா?"

"சாதாரணமாகப் பத்து மணியிலிருந்து நாலு மணி வரை என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேலை நெருக்கடியில் இன்னும் நீளும்."

"பத்திலிருந்து நாலா! எங்கள் ஆபீசில் அதற்குப் பெயர் அரை நாள் லீவு" என்றான்.

நியாயமான பேச்சுத்தான். ஆனால் மணிக் கணக்கில் மட்டும் இந்த வியாதி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அதே கட்டடத்தில் இன்னொரு பிரிவில் 1823-ல், 17 வயதில், ஜான் ஸ்டூவர்ட் மில் வந்து சேர்ந்தார். பின்னால் உலகம் புகழ்ந்த தத்துவ ஆசிரியர். இந்தியாவுக்குப் போகும் உத்தரவுகளுக்கு நகல் தயாரிப்பது அவருக்கு வேலை. 35 வருஷம் இருந்தார். தம் சுயசரிதையில், மற்ற மூளை வேலைகளுக்கு நடுவே காரியாலய வேலை தமக்கு ஓய்வாகவே இருந்தது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஒரே கூரை; ஒரே எஜமானர்கள். ஒருவருக்கு ஓய்வு; மற்றவருக்குச் சிறை. மில் எழுதியதில் அவருடைய புத்திக்கு இடம் இருந்தது. அவர் நினைத்த நினைப்பு ஒரு தேசத்துக்கு உத்தரவாகப் போயிற்று. லாம் எழுதியதில் அவருடைய புத்திக்கு இடமே இல்லை. தப்பு செய்தால் மட்டுமே அவர் அங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவரும். சரியாகச் செய்த கணக்கில் எழுதியவன் மறைந்துபோகிறான். இது கணக்குத் தொழிலுக்கே உரிய துக்கம். இதைத் தெரிந்த மேலதிகாரி, சரியாகச் செய்த நாளிலும் ஒரு வார்த்தை சொல்லுவார். தெரியாதவர் தப்புக்காகக் காத்திருப்பார்.

கும்பினியின் டைரக்டர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். லாம் வேலைக்குப் புதிதாக வந்த காலத்தில் புனிதர்களின் திருநாள்களுக்கெல்லாம் விடுமுறை உண்டு. அவர் இருக்கும்போதே அவற்றை ஒவ்வொன்றாகக் கத்தரித்துவிட்டார்கள். 1820-ல் எழுதிய ஒரு கட்டுரையில், செத்துப்போன அந்தத் திருநாள்களுக்காக அவர் புலம்பியிருப்பதைப் படித்தால், ஆடிப் பதினெட்டுக்கு லீவு கிடையாது என்று கேட்ட நம் ஊர்க் குமாஸ்தாவின் முகம் கண்ணில் வருகிறது.

பின்னே எப்படித்தான் 33 வருஷம் தாங்கினார்? ஒன்று, குடித்தார். அதை மறைப்பதில் லாபம் இல்லை. புகையிலையும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது, சிரித்தார். கணக்குப் பிரிவில் வட்டிக் கணக்கு அட்டவணைப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் வட்டிக்கும் சுவாரசியத்துக்கும் ஒரே சொல். இவர் அந்தப் புத்தகத்தின் வெற்றுத் தாளில், பிரபல பத்திரிகைகள் மதிப்புரை எழுதியது மாதிரி, இந்த நூலில் சுவாரசியம் குன்றவே இல்லை என்கிற பாணியில் சிலேடையாக எழுதிவைத்தார். மூன்றாவது, காரியாலய நேரத்திலேயே சிநேகிதர்களுக்குக் கடிதம் எழுதினார். இன்று ஆங்கில இலக்கியத்தின் பொக்கிஷம் என்று சொல்லப்படும் கடிதங்களில் பல, கும்பினியின் மேஜையில் எழுதியவை. தணிக்கைக்காரர்கள் ஆட்சேபிக்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான்காவதாக, 45-வது வயதில் இன்னொரு மனிதராக ஆனார். 1820-ல் 'லண்டன் மாகஸீன்' பத்திரிகையில் கட்டுரை எழுதத் தொடங்கியபோது, தாம் சிறு வயதில் சில மாதம் வேலை பார்த்த வேறொரு கம்பெனியின் பழைய குமாஸ்தா ஒருவருடைய பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டார். அந்தப் பெயர்தான் எலியா. முதல் கட்டுரையே அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைகளைப் பற்றி. பகலில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு கூட்டத்தை, இரவில் உட்கார்ந்து ஒவ்வொருவராக ஏறிட்டுப் பார்த்து எழுதினார்.

இத்தனை செய்தும் கனவு விடவில்லை. 1825 மே மாதம் வெளிவந்த கட்டுரையில் அதைச் சொல்கிறார். தம்முடைய கும்பினியைத் தனிப்பட்ட ஒரு வியாபாரக் கம்பெனியாக மாற்றி, முதலாளிகளுக்கு வேறு பெயர் கொடுத்திருக்கிறார், விஷயம் அவருடையதுதான். பகல் வேலை போதாதென்று இரவெல்லாம் தூக்கத்தில் வேலை. தப்பாக எழுதிய கலங்களும் ஒத்துவராத தொகைகளும் வந்து பயமுறுத்த, திடுக்கிட்டு விழிப்பு. உடம்பு மெலிந்தது. ஒரு முதலாளி பார்த்துவிட்டு என்னவென்று கேட்கிறார். தம்மால் முடியவில்லை என்று வாயைவிட்டுச் சொல்லிவிடுகிறார். சொன்ன பிறகு ஒரு வாரம் நரகம். சொல்லியிருக்கக் கூடாது, நம் கழுத்துக்கு நாமே கத்தியைக் கொடுத்துவிட்டோம், வேலை போய்விடும் என்று தவிக்கிறார். கூப்பிட்டு அனுப்புகிறார்கள். நடுங்கிக்கொண்டே போகிறார். மூன்றில் இரண்டு பங்கு சம்பளத்தை ஆயுள் முழுவதும் தருகிறோம், வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

நிஜத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். இரண்டு வைத்தியர்களின் சான்றிதழோடு விண்ணப்பம் போட்டார். வாரக் கணக்கில் பதில் இல்லை. 1825 மார்ச் 29, செவ்வாய்க்கிழமை, டைரக்டர்கள் வருஷத்துக்கு 450 பவுன் உபகாரச் சம்பளம் அனுமதித்தார்கள். அதில் 9 பவுனை விட்டுக்கொடுத்தார், தமக்குப் பின் மேரிக்கு ஏதாவது கிடைக்கட்டும் என்று. 1834-ல் அவர் காலமானார். மேரி 1847 வரை இருந்தாள். அந்த 9 பவுன் வீண்போகவில்லை.

பையன் காப்பியை ஆறவிட்டே குடித்து முடித்தான். "33 வருஷம் கழித்துத்தான் ஒருவர் என்னவென்று கேட்டாரா?" என்றான்.

"கேட்டார்கள் அல்லவா!"

"நல்ல மேலதிகாரியே கணக்குப் பிரிவில் இருந்ததில்லையா, மாமா?"

இருந்திருக்கிறார். அதற்கு லண்டன் போக வேண்டாம். நம் சென்னைத் துறைமுகத்துக்குப் போனால் போதும். 1912-ல் ஓர் இளைஞர், சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் காரியாலயத்தில் சில வாரம் தற்காலிக வேலை பார்த்துவிட்டு, மார்ச் 1-ஆம் தேதி துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்குச் சேர்ந்தார். காலேஜ் பரீட்சையில் தேறாதவர். கொடுத்த கூட்டலை முடித்துவிட்டு வேறு ஏதோ எழுதிக்கொண்டிருப்பார். இன்று எத்தனையோ காரியாலயங்களில் இதற்கு மெமோ கொடுப்பார்கள். அங்கே மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். கணிதம் படித்தவர். அவர் என்ன எழுதுகிறாய் என்று எட்டிப் பார்த்தார். பார்த்ததோடு நிற்கவில்லை. இராத்திரி வீட்டில் இருவரும் ஆளுக்கு ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். பையன் இரண்டு படியில் தாண்டிப் போய்விடுவான். தமக்கே புரியவில்லையென்றால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும், நடுவில் இன்னும் பல படிகள் எழுது என்று ஐயர் கேட்பாராம். துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்ப்ரிங்கிடமும் எடுத்துச் சொன்னார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கு ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் ராமானுஜன் தம்மை, துறைமுகக் கணக்குப் பிரிவில் ஒரு குமாஸ்தா என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறார். அந்த வருஷம் மே மாதம் பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது; கூட்டல் வேலை முடிந்தது.

ராமானுஜனுக்குக் கிடைத்த மாதிரி எல்லோருக்கும் கிடைக்குமா என்றால், எல்லோரும் ராமானுஜனா என்று திருப்பிக் கேட்பார்கள். மேதையாக இருந்தால்தான் எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கும்வரை மேதையா இல்லையா என்று நாராயண ஐயருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொன்றும் பையனுக்குச் சொன்னேன். அவன் மானேஜரைப் பற்றி. அந்த மனிதரின் மேஜையிலும் அதே செப்டம்பர் 30 உட்கார்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் நம் வியாபாரிகள் அவரவர் வழக்கப்படி கணக்கு முடித்தார்கள். ஒருவருக்குத் தீபாவளிக் கணக்கு, இன்னொருவருக்குச் சித்திரைக் கணக்கு, சர்க்காருக்கு மார்ச். சர்க்காருக்கும் ஆதியில் மே மாதத்தில்தான் வருஷம் தொடங்கிற்று; 1867-ல் அதை ஏப்ரலுக்கு மாற்றிச் சீமைக் கணக்கோடு பொருத்தினார்கள். பல தேதிகள் இருந்தவரை ஆடிட்டர் வீட்டு வேலை வருஷம் முழுவதும் பரவிக் கிடந்தது. 1984-ல் வரித் தணிக்கை கட்டாயமாயிற்று. 1989 மார்ச்சிலிருந்து, வருமான வரிக்கு எல்லோரும் மார்ச் 31-ல்தான் கணக்கு முடிக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. சர்க்காருக்குச் சௌகரியம். ஆனால் பத்து வாய்க்காலில் ஓடிய தண்ணீர் ஒரே மடையில் வந்து மோதினால், மடையில் நிற்கிறவன் சத்தம் போடத்தான் செய்வான். கீழே நிற்கிற பையனைப் பார்த்துப் போடுகிறான். மேலே அணை கட்டினவர்களைப் பார்த்துப் போட முடியாதே!

"அதற்காக அவர் திட்டுவது சரியா, மாமா?"

"சரியில்லை. திட்டுகிற இடத்தில் தப்பு ஒளிந்துகொள்ளும். உன் சரக்கு இருப்பு இப்போது ஒளிந்துகொண்டிருக்கிறது, பார். அதில் கையெழுத்துப் போடப் போகிறவர் யார்?"

"ஆடிட்டர்."

"அவருக்குத் தெரிய வேண்டாமா?"

அவன் பதில் சொல்லவில்லை. எழுந்து புறப்பட்டான். போகும்போது லாமின் கட்டுரைப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செப்டம்பரில் எவன் படிப்பான்? ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

மறுநாளே மானேஜரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். கால் மணி நேரம் அபிஷேகம் நடந்திருக்கிறது. சத்தம் கேட்டு ஆடிட்டர் வெளியே வந்து, "எந்த மில்?" என்று மட்டும் கேட்டாராம். கட்டைப் பிரித்துத் தொகையைத் திருத்தி, புதிதாக அச்சடிக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. மானேஜரின் குரலும் முன்போலவேதான் இருக்கிறது. பையன் அங்கேயேதான் இருக்கிறான். கனவில் இப்போது பரீட்சை நம்பர் வருவதில்லையாம், பரீட்சையே வருகிறதாம்.

தீபாவளிக்கு அடுத்த வாரம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். பிரித்துப் பார்த்தேன். லாமின் கனவு வருகிற பத்தியின் ஓரத்தில், கணக்கைச் சரிபார்த்து இடுகிற மாதிரி, பச்சைப் பென்சிலில் ஒரு சரி. அதே கட்டுரையில் தாம் 36 வருஷம் மேஜையில் உட்கார்ந்ததாக லாம் எழுதியிருக்கும் இடத்தில் ஒரு கேள்விக்குறி. அதன் கீழே பொடி எழுத்தில்: '1792-லிருந்து 1825 வரை 33தான் வருகிறது. மூன்று வருஷ வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்க வேண்டும்.'